மூன்றாம் எண் குடும்பங்கள்

"கூட்டிக் கழிச்சுக் குடும்மா, அது போதும். அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது உன் சோலி இல்ல."

கொடைக்கானல் மலைப்பயிர் ஆய்வு நிலையத்தில் நான் சேர்ந்த முதல் வாரம் எங்கள் திட்ட அலுவலர் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்கு இரண்டு மடங்கு கோபம் வந்தது.

புதிதாக வந்திருக்கும் புள்ளிவிவர உதவியாளர்களான உங்களுக்குப் பணி அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக இதை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கும் உங்களுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் ஓய்வு பெறவில்லை, என் கோபமும் இன்னும் ஓயவில்லை. சூடு ஆறிய பிறகு எழுதினால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் அப்பா பேத்துப்பாறையில் கூலி வேலை பார்ப்பவர். ஒரு துண்டு நிலமும் உண்டு, அதில் கிழங்கும் பீன்ஸும் போடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே மிஷன் பள்ளியில் படித்து, மதுரைக்குப் போய்ப் புள்ளியியலில் பட்டம் வாங்கி வந்தேன். இதைத் தலை குனிந்து சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நீங்களும் பழகிக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் முதலில் வந்தது ஓர் உருளைக்கிழங்குக் கணக்கு. நிலையம் மலைக் கிராமங்களுக்கு விதைக்கிழங்கு கொடுக்கிறது. வாங்கிப் போட்டவர்களின் விளைச்சலை எடைபோட்டு, எது எதனால் கூடுகிறது, குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் சில விவரங்கள் எடுத்திருந்தார்கள். வயல் ஓடையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு எரு போட்டார்கள், அத்துடன் குடும்ப வகை. அந்தக் கடைசி விவரத்தை எண்ணாகக் குறித்திருந்தார்கள். பள்ளங்கியிலும் போளூரிலும் இருக்கும் பூர்வீக விவசாயிகள் ஒன்று. எங்கள் பேத்துப்பாறையைப்போலக் கூலிக்குப் போய்க்கொண்டே சொந்தத் துண்டில் பயிர் வைப்பவர்கள் இரண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து, போளூருக்குக் கீழே ஓடையோரக் காலனியில் குடியமர்த்தப்பட்டவர்கள் மூன்று.

எல்லாவற்றையும் அட்டைகளில் துளையிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டரில் ஓட்டி, மடிப்பு மடிப்பாகத் தாளில் அச்சாகி வந்தது. திட்ட அலுவலர் அதை விரித்துப் படித்துவிட்டு அறிக்கை எழுதினார். அறிக்கையின் உயிர் இரண்டே வாக்கியங்களில் இருந்தது. குடும்ப வகை எண் கூடக் கூட விளைச்சல் குறைகிறது. ஆகவே மூன்றாம் வகைக் குடும்பங்களுக்கு அடுத்த ஆண்டிலிருந்து விதைக்கிழங்கு கொடுப்பதில் பயனில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று காலனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல விதை இல்லாமல் இந்த மலையில் கிழங்கு போட முடியாது. கிழங்கு இல்லையென்றால் அந்த நிலம் அவர்களுக்கு எதற்கும் ஆகாது. மறுபடி யாருடைய தோட்டத்திலோ கூடை சுமக்கப் போக வேண்டியதுதான். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டுத்தான் அவர்கள் கடல் தாண்டி வந்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் ஜீப் டிரைவர் தங்கராசு அண்ணனிடம் போனேன். விவரம் எடுக்கப் போன எல்லா நாளும் வண்டி ஓட்டியவர் அவர்.

"அண்ணே, பூர்வீகக்காரங்களுக்கு ஒண்ணு, காலனிக்கு மூணுன்னு நம்பர் போட்டது யாரு?"

"நம்ம ஜீப்புதான்" என்றார், பானெட்டைத் தட்டிக்காட்டி.

"வெளையாடாதீங்கண்ணே."

"நெசமாத்தான் தங்கச்சி. மொத நாளு காலனிக்குத்தான் கெளம்புனோம். வழியில மரம் விழுந்து கெடந்துச்சு. சரின்னு பள்ளங்கிப் பக்கம் வண்டியத் திருப்புனேன். அங்க பாத்தவுகளுக்கு சாரு ஒண்ணுன்னு குறிச்சாரு. மறுநாளு உங்க ஊரு, அது ரெண்டு. அப்புறந்தான் மரத்த அறுத்து எடுத்தாங்க. அந்த மரம் மட்டும் விழாம இருந்திருந்தா காலனிக்காரவுகதான் ஒண்ணாம் நம்பரு!"

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ரோட்டில் விழுந்த ஒரு மரம் சில குடும்பங்களுக்கு மூன்று என்று பெயர் வைத்திருக்கிறது. அந்த மூன்றைக் கம்ப்யூட்டர் பெருக்கியிருக்கிறது, வகுத்திருக்கிறது, சராசரி எடுத்திருக்கிறது.

உங்களுக்கு வேலையில் தினமும் இரண்டு விதமான விவரங்கள் வரும். ஒரு விதம் அளவு. வயலின் உயரம் அளவு. இருபது அடி என்பது பத்து அடியைப்போல இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவில் பதினைந்து உண்டு, பதினைந்தரையும் உண்டு. இதைப் புத்தகத்தில் தொடர் மாறி என்று படித்திருப்பீர்கள். இன்னொரு விதம் வெறும் பெயர். குடும்ப வகை, கிழங்கின் ரகம், ஊர். இதை வகை மாறி என்று படித்திருப்பீர்கள். பெயருக்குப் பதிலாக எண் எழுதுவது நம் வசதிக்கு. எட்டாம் நம்பர் பஸ் நாலாம் நம்பர் பஸ்ஸைவிட இரண்டு மடங்கு தூரம் போகிறது என்று யாராவது சொன்னால் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். அலுவலகத்தில் அதையே சொன்னால் அறிக்கையாக அச்சடிக்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தால், ஒன்றிலிருந்து இரண்டுக்கு எவ்வளவு இறக்கமோ அவ்வளவே இரண்டிலிருந்து மூன்றுக்கும் இறக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒரு நேர்கோட்டை இழுத்துவிடும். அந்தக் கோட்டின்படி பேத்துப்பாறைக்காரர்கள் சரியாக நடுவில்தான் நின்றாக வேண்டும். உண்மையில் அவர்கள் விளைச்சல் பூர்வீக விவசாயிகளின் விளைச்சலுக்கு ஏறக்குறையச் சமம். கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக எங்கள் ஊர்க் கிழங்கைக் குறைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சாவகாசமாகக் கேட்டார்.

"அப்ப நான் எத்தனாம் நம்பரு?"

"ரெண்டு."

"பரவால்லயே! நடுவுலதான வச்சிருக்காக."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒங்க அப்பாவ எவனும் நடுவுல வச்சதே இல்ல, சந்தோசப்பட்டுட்டுப் போகட்டும் விடு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை மிகவும் குத்தியது. யாரோ வைத்த இடத்தில் நின்றுகொண்டு, இன்னும் கீழே வைக்காமல் விட்டார்களே என்று மகிழ்வதற்கு எங்கள் சனம் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை நான் அலுவலக மேசையில் உட்கார்ந்து வளர்த்துவிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மறுநாள் தங்கராசு அண்ணனோடு காலனிக்குப் போனேன். அங்கே பார்வதி அக்கா என்றொருவர். பிறந்ததும் கொழுந்து பறித்ததும் இலங்கையில். இங்கே வந்த பிறகுதான் கிழங்கு போடக் கற்றுக்கொண்டார். நான் அளவுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையிலிருந்து அவர் வயலுக்கு ஏறுவதைப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா புள்ள, போன தடவ அளந்தது சுருங்கிப் போச்சா?"

"சரியா இருக்கான்னு பாக்குறேங்க அக்கா."

"நெலத்த அளக்குறீங்க சரி. எங்களுக்கு என்னமோ நம்பர் போட்டிருக்கீங்களாமே. டிரைவர் அண்ணன் சொன்னாரு. எத்தன?"

மறைக்கத் தோன்றவில்லை. "மூணுங்க" என்றேன்.

"ம்ம். அங்க இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன்ங்கிறாங்க. இப்ப நீங்க மூணுங்கிறீங்க. அடுத்தாப்புல என்னா, கழுத்துல தகரத்தக் கட்டி விடுவீங்களா?"

நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். அவரே, "வா, தேத்தண்ணி குடிச்சிட்டு அள. வெறும் வயித்துல அளந்தா அதுவும் தப்பாத்தான் வரும்" என்று உள்ளே போனார்.

அவர் வயல் ஓடையோரத்தில் தொடங்கி, ஜீப் பாதையைத் தாண்டிச் சரிவில் கொஞ்சம் மேலே ஏறுகிறது. போன மார்கழியில் உறைபனி விழுந்தபோது ஓடையை ஒட்டிய பாத்திகள் ஒரே இரவில் வெந்ததுபோலக் கருகிப் போயின. அதற்கு மேலே பாதிக் கருகல். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவை தப்பித்துக்கொண்டன. குளிர்காற்று கனமானது, தண்ணீரைப்போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். காலனிக்காரர்களின் வயல்களை மட்டும் தனியாக எடுத்து, உயரத்தையும் விளைச்சலையும் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஏற ஏற விளைச்சலும் ஏறியது. ஒரே வகை, ஒரே எண், ஒரே கை. மாறியது உயரம் மட்டும்.

திட்ட அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. நீ பென்சில வச்சுக்கிட்டு அது தப்புங்கிறியா?"

"நாம கேட்டதுக்குத்தான் சார் அது பதில் சொல்லும். நாம கேட்டதுதான் தப்பு."

"அறிக்கை டைப்புக்குப் போயாச்சு. அடுத்த வாரம் விதை ஒதுக்குற கமிட்டி வருது. யாராச்சும் ஏதாவது நம்பர் கேட்டா எடுத்துக் குடுக்க நீ ஓரமா உக்காந்திரு. பேச வேண்டாம்."

ஓரமாக உட்காரச் சொன்னதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். உட்கார இடம் கிடைத்தது அல்லவா.

கமிட்டிக்கு முந்திய நாட்களில் கைப்பிடியைச் சுற்றும் பழைய கணக்குப் பொறியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். மூன்று வகைகளுக்கு எத்தனை விதமாக எண் மாற்றி வைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டேன். விளைச்சலில் ஒரு பொட்டுக்கூட மாற்றவில்லை. பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றினேன்.

கமிட்டியில், மலைக்குக் கீழேயிருந்து வந்த பெரிய அதிகாரி தலைவராக உட்கார்ந்திருந்தார். குளிர் தாங்காமல் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். திட்ட அலுவலர் அறிக்கையை வாசித்து முடித்தார். எங்கள் நிலையத்தின் இயக்குநர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துகொண்டே, பேச்சுக்குக் கேட்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுங்கறது என்ன வரிசை? நிலத்தோட அளவா?"

திட்ட அலுவலர் என் பக்கம் திரும்பினார். ஓர் எண்ணைக் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அல்லவா நான். எழுந்து நின்றேன்.

"ஜீப் போன வரிசைங்க ஐயா."

யாரோ இருமினார்கள். தலைவர் பேனாவை மூடினார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"வரிசைக்கு அர்த்தம் எதுவும் இல்லீங்க. வேணும்னா ஐயாவே உங்க இஷ்டத்துக்கு மூணு வகைக்கும் நம்பர் குடுங்க. அதுக்கு என்ன முடிவு வருதுன்னு நான் சொல்றேன்."

"உக்காரும்மா" என்றார் திட்ட அலுவலர். தலைவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவருக்கு இது விளையாட்டாகப் பிடித்துவிட்டது.

"சரி. காலனிக்காரங்க ஒண்ணு. பூர்வீகம் ரெண்டு. கூலி பாக்குறவங்க மூணு."

அந்த வரிசைக்கு உரிய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இப்ப நம்பர் கூடக் கூட விளைச்சல் கூடுதுங்க. இந்தக் கோட்டுப்படி இந்த மலையிலயே சிறந்த விவசாயிங்க பேத்துப்பாறைக் கூலிக்காரங்கதான். எங்க அப்பாவும் அதுல ஒருத்தருங்க. சொன்னா சந்தோசப்படுவாரு."

சிரிப்பு எழுந்தது. இன்னொரு தாளையும் வைத்தேன். "காலனிக்காரங்கள நடுவுல ரெண்டுன்னு வச்சா, கோடு மட்டமாப் படுத்துக்கிதுங்க. அப்ப குடும்ப வகைக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதணும். கிழங்கு அதே கிழங்குதான். எந்த முடிவுக்கு ஐயா கையெழுத்துப் போடுறீங்க?"

சரியான வழி என்ன என்று இயக்குநர் கேட்டார். அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சொன்னேன். பெயரை எண்ணாக்கிப் பெருக்கக் கூடாது. வகை ஒவ்வொன்றையும் தனியாக, ஆமா இல்லையா என்று கேட்க வேண்டும். கூலிக் குடும்பமா, ஆமென்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி. காலனிக் குடும்பமா, அதற்கும் அப்படியே. இரண்டுக்கும் சுழி வந்தால் அவர் பூர்வீகக்காரர். இப்படிக் கேட்டால் யாரும் யாருக்கும் நடுவில் நிற்க வேண்டியதில்லை, எந்தச் சீட்டை எங்கே மாற்றினாலும் முடிவு மாறாது. உயரத்தை அடிக்கணக்கில் அப்படியே பக்கத்தில் வைக்கலாம்.

தலைவர் லேசான ஆள் இல்லை. அடுத்த கேள்வியை அவர்தான் கேட்டார். உங்களிடமும் யாராவது ஒருநாள் கேட்பார்கள்.

"சரிம்மா. உங்க முறைப்படியே பாத்தாலும் காலனியில விளைச்சல் கொறைவா இல்லையா?"

"கொறைவுதாங்க."

"ஆளாலயா, பள்ளத்தாலயா?"

"பள்ளத்தாலன்னு நெனக்கிறேங்க. அவங்க வயலுக்குள்ளயே மேல ஏற ஏறக் கூடுது."

"நெனப்பு வேண்டாம். ஒரே உயரத்துல பூர்வீகக்காரரையும் காலனிக்காரரையும் வச்சுப் பாத்தீங்களா?"

"பாக்க வயல் இல்லீங்க. காலனிக்காரங்க யாருக்கும் நல்ல மேட்டுல நெலமில்ல. பூர்வீகக்காரங்க யாரும் பள்ளத்துல கெழங்கு போடுறதில்ல."

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"தெரியாதுங்க ஐயா. எனக்கும் தெரியாது, இந்த அறிக்கைக்கும் தெரியாது. அறிக்கை தெரிஞ்ச மாதிரி பேசுது."

தெரியாது என்று சொல்லும்போது எனக்கு வெட்கம் வரவில்லை. கணக்கு எதுவரை பேசும் என்று சொல்வதும் என் சோலிதான். எல்லாக் காலனிக்காரர்களையும் பள்ளத்தில் குடிவைத்துவிட்டு, குறை ஆளிலா நிலத்திலா என்று தாளைக் கேட்டால் எந்தத் தாளாலும் சொல்ல முடியாது. ஆளையும் பள்ளத்தையும் ஒன்றாகக் கட்டியவர்கள் நிலம் ஒதுக்கியவர்கள். பழி மட்டும் ஆள் தலையில்.

தலைவர் அறிக்கையின் அந்த இரண்டு வாக்கியங்களையும் பேனாவால் அடித்துவிட்டு உத்தரவு சொன்னார். இந்தப் போகத்துக்கு விதை உண்டு. அது முடிவதற்குள் ஆளா, நிலமா என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அடுத்த ஆண்டு காலனிக்கு விதை நிறுத்தம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் அலுவலகத்தைப் பார்த்ததில்லை என்று பொருள். மறுநாளே திட்ட அலுவலர் என்னைக் கூப்பிட்டார்.

"உயரம் உயரம்னியே, சேத்துக்குவோம். மேடு, பள்ளம்னு ரெண்டாப் பிரிச்சிரு. சுலபமா முடிஞ்சுது."

"எங்க சார் பிரிக்கிறது?"

"அதான் ஜீப் ரோடு போகுதே. ரோட்டுக்கு மேல மேடு, கீழ பள்ளம்."

மறுபடியும் அந்த ஜீப்! போன தடவை பெயரை எண்ணாக்கினார். இந்தத் தடவை எண்ணைப் பெயராக்கப் பார்த்தார். பார்வதி அக்காவின் வயலை ரோடு குறுக்காக வெட்டுகிறது. ரோட்டுக்கு ஓரடி கீழே இருக்கும் பாத்தியும் ஓடைத் தண்ணீரில் வேர் நனையும் பாத்தியும் ஒரே பள்ளமாகிவிடும். ரோட்டுக்கு ஓரடி மேலே இருக்கும் பாத்தியும் போளூர்க் குன்றின் உச்சியும் ஒரே மேடாகிவிடும். கயிறு பிடித்து அளந்து எடுத்த ஒவ்வோர் அடியையும் இரண்டு கூடையில் கொட்டிக் கலக்கிவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதுவார்கள்.

"அளந்ததை அப்படியே வச்சுக்கலாம் சார். பிரிக்க மாட்டேன்" என்றேன்.

"மாட்டேன்னா?"

"பிரிச்ச கணக்குல என் பேரு இருக்காது."

பேத்துப்பாறைக் கூலிக்காரன் மகளுக்கு வந்த திமிரைப் பார் என்று பக்கத்து அறையில் சொன்னாராம். இருக்கட்டும். வகை பிரிப்பதில் அவர் என்றுமே கெட்டிக்காரர்.

எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். இல்லாத வயல்களை உண்டாக்க வேண்டும். பள்ளத்தில் பூர்வீகக்காரர் கை, மேட்டில் காலனிக்காரர் கை. அதற்காகப் போளூரில் குருசாமி அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். காலனிக்கு நேர் மேலே சரிவில் நிலம் உள்ளவர். காலனிக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசாதவர். அதனால்தான் அவரிடம் போனேன்.

"அவுகளுக்குக் கெழங்கப் பத்தி என்ன தாயி தெரியும்? தேயிலை கிள்ளுன கை. வெதையக் குடுக்கிறது ஓடையில கொட்டுறதுக்குச் சமம்."

"அண்ணாச்சி, உங்க கை பட்டா அந்தப் பள்ளத்துலயும் விளையுமா?"

"எங் கையா? பாறையில போட்டாலும் மொளைக்கும்."

"அப்ப நாலு பாத்தி அங்க போடுங்க. பார்வதியக்கா நாலு பாத்தி உங்க காட்டுல போடட்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "போடுங்களேன், வாய்தான் காது மட்டும் இருக்கே" என்றார்.

"எங்காட்டுல வந்து நட்டுட்டுப் போகட்டும், எனக்கென்ன" என்றார் அண்ணாச்சி கடைசியில். "கெழங்கு என்ன பாஸ்போர்ட்டா கேக்கப் போகுது?"

அண்ணாச்சி பேசியதையும் பாத்தி மாற்றிப் போடுவதையும் பார்வதி அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "தோத்துட்டேன்னா?" என்று கேட்டார்.

"தோத்தா தோத்ததுன்னுதான் எழுதுவேங்க அக்கா."

"இதுவரைக்கும் எங்களப் பத்தி எழுதுனவங்க யாரும் எங்ககிட்ட இப்படிச் சொன்னதில்ல" என்றார். பிறகு, "நான் தோக்க மாட்டேன் புள்ள. அந்தாளு சொன்ன பேச்சுக்கே விளைய வைப்பேன்" என்றார்.

ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறார், இன்னொருவரும் அதையேதான் நினைக்கிறார். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. இவர்களைப் பார்த்து இன்னும் சில வீடுகள் ஜோடி சேர்ந்தன. ஒவ்வொருவரும் தன் நிலத்தில் சில பாத்தி, எதிராளி நிலத்தில் சில பாத்தி. இரண்டு பக்கமும் ஒரே விதை, ஒரே எரு. எந்தப் பாத்தி யாருக்கு என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. அண்ணாச்சியின் தலைத்துண்டில் சீட்டைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். நல்ல பாத்தி பார்வதி அக்காவுக்கு விழுந்தபோது அண்ணாச்சி துண்டை உதறி உதறிப் பார்த்தார்.

திட்ட அலுவலர் அனுமதி கிடையாது என்றார். அவர்கள் நிலம், கமிட்டி கொடுத்த விதை, யாருடைய அனுமதி என்று கேட்டேன். அவர் இயக்குநரிடம் போனார். இயக்குநர், அந்தப் பெண் என்ன எழுதுகிறாளோ அது முதலில் என் மேசைக்கு வரட்டும் என்று மட்டும் சொன்னாராம்.

எனவே புதியவர்களே, மேசையில் எண்கள் வந்து விழும்போது, அது அளவா பெயரா என்று முதலில் கேளுங்கள். பெயரென்றால் அந்த எண்ணை யார் வைத்தார்கள் என்று கேளுங்கள். சீட்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள், முடிவு ஆடினால் அந்த முடிவை நம்பாதீர்கள். அளந்ததைக் கூடையில் கொட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அர்த்தம் சொல்வது உங்கள் சோலி இல்லை என்று யாராவது சொன்னால், அந்த அர்த்தம் யார் வீட்டு அடுப்பில் போய் விழுகிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

இந்த மார்கழியில் உறைபனி விழும். யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று வெள்ளனே போய் எல்லாப் பாத்திகளையும் நட்டு முடித்தோம். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு குச்சி ஊன்றியிருக்கிறேன். குச்சியின் ஒரு பக்கம் நட்டவரின் முழுப்பெயர். மறுபக்கம், ஓடையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்த எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று எந்தக் குச்சியிலும் வகை எழுதவில்லை.